24 மணி நேரத் தயிர்: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரச் சமையலறை ஒன்றில் நிகழ்ந்த முயற்சி குறித்த ஆய்வு

என் அக்கா மகளுக்கு வயது 27. அவளுக்குப் பெருங்குடற்புண் அழற்சி, அதாவது மருத்துவமனையில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொல்லப்படும் நோய், இருப்பது உறுதியாகி ஓராண்டு கடந்திருந்த நிலையில், மருந்துகளோடு சேர்த்துக் கண்டிப்பான உணவுமுறை ஒன்றையும் சில மாதங்கள் கடைப்பிடித்துப் பார்க்க அவள் விரும்பினாள். அவளைக் கவனித்துவரும் மருத்துவரும் உணவியல் நிபுணரும் அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலசீன் மாத்திரையை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது என்றும், உடல் எடையை வாரந்தோறும் குறித்துவர வேண்டும் என்றும், எடை 2 கிலோவுக்கு மேல் குறைந்தால் உணவுமுறையை அன்றே கைவிட்டு வந்து பார்க்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தனர்.

அந்த உணவுமுறையில் அன்றாடம் இடம்பெற வேண்டிய பொருள், வீட்டிலேயே 24 மணி நேரம் புளிக்கவைத்த தயிர். தயிர் என்றதும் எங்கள் வீட்டில் யாருக்கும் கவலை எழவில்லை. என் அம்மா திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த நாள்முதல் இரவில் பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். இருந்தும், பிள்ளை நம்பிச் சாப்பிடக்கூடிய ஒரு கிண்ணம் தயிரை எடுப்பதற்கு எங்களுக்குப் பதினொரு வாரங்கள் பிடித்தன. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். ஒவ்வொரு முயற்சியின் வெப்பநிலையையும் நேரத்தையும் புளிப்பின் அளவையும் எழுதிவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அந்தக் குறிப்பேட்டைக் கொண்டே இதை எழுதுகிறேன். இதே முயற்சியில் இறங்கும் இன்னொரு குடும்பம் எங்களைப் போல் வாரங்களை இழக்கக் கூடாது.

உணவுமுறையும் அதன் சான்றும்

குறிப்பிட்ட மாவுச்சத்து உணவுமுறை என்று தமிழில் சொல்லத்தக்க இம்முறை, சிட்னி ஹாஸ் என்னும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. சீலியாக் என்னும் குடல் நோயுள்ள குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவை அவர் 1924ல் வெளியிட்டார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே அந்நோய்க்குக் காரணம் என்பதை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ல் தம் ஆய்வேட்டில் காட்டியபின், ஹாஸின் முறைக்குச் சீலியாக் மருத்துவத்தில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் பெருங்குடற்புண் அழற்சியால் வாடிய தம் சிறு மகளை ஹாஸிடம் அழைத்துச் சென்ற ஈலேன் காட்ஷால் என்னும் தாய், அவ்வுணவால் மகள் தேறினாள் என்று நம்பி, பின்னர் தாமே உயிரியல் பயின்று, குடல் அழற்சி நோயாளிகளிடையே இம்முறையைப் பரப்பினார். இன்று பலரும் கடைப்பிடிப்பது அவர் வகுத்த வடிவத்தையே.

அதன் அடிப்படைக் கருத்து எளியது. அழற்சியுற்ற குடல் மாவுப்பொருளையும், இரண்டு சர்க்கரைகள் இணைந்த இரட்டைச் சர்க்கரைகளையும் உடைக்க இயலாமல் விடுகிறது. அவை கீழே இறங்கி நுண்ணுயிர்களுக்கு இரையாகி நோயை வளர்க்கின்றன. ஆகவே உடைக்கத் தேவையில்லாத ஒற்றைச் சர்க்கரைகளை மட்டும் உண்ண வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதன்படி அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சீனி, பால் ஆகியவற்றோடு கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் விலக்கப்படுகின்றன. முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, நன்கு பழுத்த பழம், தேன் ஆகியவை அனுமதிக்கப்படுகின்றன. தமிழ்ச் சமையலுக்கென்று ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்க்க வேண்டும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். தயிரைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, தாளிப்பில் ஒரு சிட்டிகை பெருங்காயத்தைத் தூவினால், விலக்கிய மாவு அதன் வழியே உள்ளே வந்துவிடும்.

சான்று எந்த அளவுக்கு உள்ளது என்பதை மறைக்காமல் சொல்வது என் கடமை. அமெரிக்காவில் கிரோன் என்னும் மற்றொரு குடல் அழற்சி நோயுள்ள 190க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2021ல் வெளியான ஆய்வு, இந்த உணவுமுறையை மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறையோடு ஒப்பிட்டது. ஆறு வாரங்களின் முடிவில் நோய் அறிகுறிகள் தணிந்தோர் இம்முறையில் 46.5 விழுக்காடு, மற்றதில் 43.5 விழுக்காடு; பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அது கிரோன் நோய்க்கான ஆய்வு. எங்கள் பிள்ளைக்கு இருப்பது வேறு நோய். இதை உணவியல் நிபுணர் அவளிடம் தெளிவாக எடுத்துரைத்தபின்னரே, மூன்று மாதங்கள் முயன்று பார்ப்பது என்று அவள் முடிவெடுத்தாள். நோயால் சாப்பாட்டையே அஞ்சத் தொடங்கியிருந்தவளுக்கு, எதைச் சாப்பிடலாம் என்று உறுதியாகச் சொல்லும் ஒரு பட்டியல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். அதனால் அவளுடைய முடிவை நான் மதித்தேன்.

பாலில் உள்ள இரட்டைச் சர்க்கரை லாக்டோஸ். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 4.8 கிராம் இருக்கும். தயிராக்கும் நுண்ணுயிர்கள் அதை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உறையும் சாதாரணத் தயிரில் லாக்டோஸின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியிருப்பதால், 24 மணி நேரம் விட்டுவைத்தால் அது முழுவதும் தீர்ந்துவிடும் என்று இந்த உணவுமுறையினர் சொல்கின்றனர். வெப்பநிலை 38 முதல் 43 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவர்களது விதி.

தோற்ற மூன்று முயற்சிகள்

முதல் முயற்சி அம்மாவின் முறையில் நடந்தது. முந்தைய நாள் தயிரையே உறைமோராக ஊற்றி, மேசைமேல் 29 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைத்தோம். எட்டு மணி நேரத்தில் அருமையாக உறைந்தது. "இதுக்கு மேல வெளிய வச்சா புளிச்சுப் போகும்டி, எடுத்து உள்ள வை" என்று அம்மா எச்சரித்தார். அவர் சொன்னபடியே நடந்தது. 24ஆம் மணியில் கரண்டியால் எடுத்தபோது நூல்போல் இழுபட்டதுடன், கள்ளின் வாடையும் மெல்ல வந்தது. அறை வெப்பத்தில் உறையும் நம் வீட்டுத் தயிரில், 30 டிகிரியை விரும்பும் லாக்டோகாக்கஸ் வகை நுண்ணுயிர்களும், தலைமுறை தலைமுறையாகக் காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்து சேர்ந்த மற்றவையும், சில வேளைகளில் ஈஸ்ட்டும் கலந்திருக்கும். எட்டு மணி நேரத்தில் எடுத்துக் குளிரூட்டிவிட்டால் அது நல்ல தயிர். ஆனால் அந்த நாள்களில் பிள்ளை பிரெட்னிசொலோன் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தாள். நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து எடுப்பவருக்கு, என்ன வளர்ந்திருக்கிறது என்றே தெரியாத ஒன்றை ஒரு பகலும் இரவும் வளர்த்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் முயற்சியில் ரைஸ் குக்கரைச் சூடாக வைத்திருக்கும் நிலையில் பயன்படுத்தினோம். அதன் வெப்பம் 60 டிகிரிக்கு மேல் என்பதை நான் முன்பே அளந்து பார்த்திருக்க வேண்டும். பால் பாலாகவே இருந்தது.

மூன்றாம் முயற்சிதான் இந்த ஆய்வின் மையம். தயிர் தயாரிப்பதற்கென்றே விற்கப்படும் சிறு மின்கருவி ஒன்றை வாங்கினோம். ஏழு கண்ணாடிக் குடுவைகள், ஒரு மூடி, ஒரு பொத்தான், அவ்வளவுதான். கலப்பில்லாத பாலை 85 டிகிரியில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு, தயிராக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிய உலர்நிலைக் கிருமிப் பொடியைக் கலந்து ஊற்றினோம். ஐந்து மணி நேரத்தில் வெட்டினால் துண்டாக வரும் பதத்தில் உறைந்தது. 24ஆம் மணியில் வெளிர்பச்சை நீர் பிரிந்து, தயிர் சுருங்கி நொய்போல் ஆகியிருந்தது. நேரம் கூடக்கூட நீர் பிரிவது இயல்புதான் என்று எண்ணி, பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டி கொடுத்தோம். அடுத்த மூன்று வாரங்களும் அதே வழியில் செய்து, அளவையும் மெல்லக் கூட்டினோம். மூன்று மேசைக்கரண்டியை எட்டியபோது வயிறு உப்பி, இரவெல்லாம் வலியால் தவித்தாள். மறுநாள் காலை என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "சின்னம்மா, இதுல பால் சர்க்கரை போயிடுச்சா இல்லையா, அத மட்டும் எப்படியாவது பார்த்துச் சொல்லுங்க."

வீட்டில் லாக்டோஸை நேரடியாக அளக்க வழியில்லை. ஆனால் உருவான அமிலத்தை அளக்கலாம். பத்து கிராம் தயிரில் சிறிது நீர் கலந்து, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை அளவுக்குழாயிலிருந்து சொட்டவிட வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லியும் 0.009 கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம். பள்ளியில் எத்தனையோ முறை மாணவர்களுக்காக அடுக்கிவைத்த அதே கருவிகள்தான். ஆறாம் மணியில் எடுத்த மாதிரியில் அமிலம் 0.81 விழுக்காடு, 24ஆம் மணியில் 0.86. இடைப்பட்ட 18 மணி நேரத்தில் ஏறக்குறைய எதுவுமே நடக்கவில்லை. ஐயத்தைத் தீர்க்க, அந்தத் தயிரிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் புதிய பாலில் உறையாக ஊற்றி 41 டிகிரி நீரில் வைத்துப் பார்த்தேன். எட்டு மணி நேரம் கழித்தும் அது உறையவில்லை. தயிருக்குள் இருந்த நுண்ணுயிர்கள் செத்துப்போயிருந்தன.

கருவியில் குறையா, இடத்தில் குறையா

குடுவைகளில் வெறும் நீரை நிரப்பி, கருவியை இயக்கி, வெப்பமானியை உள்ளே விட்டு இரண்டு நாள்கள் அளந்தேன். சமையலறையின் வெப்பம் 30 டிகிரியாக இருந்த பிற்பகலில் குடுவை நீர் 50 டிகிரியில் நிலைகொண்டது. குளிரூட்டியை 25ல் வைத்த படுக்கையறையில் அதே கருவி 45ல் நின்றது. இரு இடங்களிலும் வேறுபாடு 20 டிகிரி என்பதைக் கண்டதும் உண்மை விளங்கிவிட்டது. கருவிக்குள் வெப்பநிலையை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் பாகம் எதுவும் இல்லை. அடியில் இருக்கும் சிறிய சூடேற்றி எப்போதும் ஒரே அளவு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. அது வெளியே கசியும் வேகத்தோடு சமநிலை அடையும்போது, குடுவையின் வெப்பம் அறையைவிட ஒரு குறிப்பிட்ட அளவு உயர்ந்து நிற்கிறது. அறை 21 அல்லது 22 டிகிரியாக இருக்கும் குளிர்நாட்டு வீட்டில் அது சரியாக 42ஐத் தரும். நம் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் அது நுண்ணுயிர்களைக் கொல்லும் கருவியாகிவிடுகிறது.

தயிர் ஐந்து மணி நேரத்தில் நன்றாக உறைந்தது ஏன் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பால் 42 டிகிரியில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேறுவதால், முதல் சில மணி நேரம் தயிராக்கும் நுண்ணுயிர்களான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலசும் லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கசும் தமக்குப் பிடித்த வெப்பத்தில் இயங்கித் தயிரை உறையவைத்துவிடுகின்றன. பிறகுதான் வெப்பம் 50ஐ நெருங்கி அவற்றை ஒடுக்குகிறது. எட்டு மணி நேரத்தில் எடுப்பவர் இக்குறையை ஒருபோதும் காணமாட்டார். 24 மணி நேரம் வைப்பவரோ, கடிகாரம் காட்டும் நேரத்தைப் புளித்த நேரம் என்று நம்பி ஏமாறுவார். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். அதன் விலையை அந்தப் பிள்ளை வலியாகக் கொடுத்தாள். இதை எழுதும்போதும் என் மனம் கனக்கிறது.

தீர்வு கடினமானதன்று. ஜாலான் புசார் அருகே சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகளில், உணர்முனையோடு கூடிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கிடைக்கிறது. தயிர்க் கருவியின் மின்செருகியை அதில் பொருத்தி, குடுவைகளைச் சுற்றி நீர் ஊற்றி, உணர்முனையை அந்நீரில் இட்டு, 41 டிகிரியில் நின்று 39.5ல் மீண்டும் இயங்கும்படி அமைத்தேன். அது இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடைக்காரர்கள் எறியும் நுரைப்பெட்டியை நன்கு கழுவி, நடுவில் தயிர்ப் பாத்திரத்தையும் சுற்றிலும் 45 டிகிரி நீர் நிரப்பிய போத்தல்களையும் வைத்து மூடி, ஐந்தாறு மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால் போதும். நம் ஊரின் வெப்பம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது; பெட்டி மெதுவாகத்தான் ஆறும். நான் இருமுறை இப்படிச் செய்து பார்த்தபோது வெப்பம் 38க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் நள்ளிரவில் எழுந்து நீர் மாற்ற வேண்டியிருக்கும்.

சரியாக அமைந்த செய்முறை

பால் வாங்கும்போது உறையின் பின்புறத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். பால் என்ற ஒரே சொல் இருந்தால் நல்லது. கொழுப்பு நீக்கிய பால் திடப்பொருள் சேர்க்கப்பட்டது கெட்டியான தயிரைத் தரும். ஆனால் அதில் லாக்டோஸும் கூடுதலாக இருக்கும். லிம் சூ காங் பண்ணையின் ஆட்டுப்பாலிலும் ஒருமுறை முயன்றோம். அல்ஃபா எஸ்1 கேசீன் என்னும் புரதம் ஆட்டுப்பாலில் குறைவு என்பதால் தயிர் இளகியே உறைந்தது; சுவை நன்றாக இருந்தபோதும் விலை கட்டுப்படியாகவில்லை.

உறைக்குப் பயன்படும் கிருமிப் பொடியின் உறையையும் படிக்க வேண்டியிருக்கிறது. பல பொடிகளில் இனுலின் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் நிரப்பியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டும் இவ்வுணவுமுறையில் விலக்கு. பிஃபிடோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் வகையையும் அவர்கள் விலக்குகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கும்போது அதன் விதிகளை நம் விருப்பப்படி வளைத்தால், முடிவு எதைக் காட்டுகிறது என்றே சொல்ல முடியாமல் போகும். ஆகவே மூன்று நுண்ணுயிர்கள் மட்டும் கொண்ட பொடியைத் தேடி வாங்கினோம். ஒவ்வொரு முறையும் புதிய பொடிதான். முந்தைய தயிரை உறையாக ஊற்றுவதில்லை. ஊற்ற ஊற்ற நுண்ணுயிர்களின் விகிதம் மாறிவிடும் என்பதை அம்மாவிடம் விளக்கியபோது, முதலில் அவருக்கு மனத்தாங்கல்தான்.

ஒரு லிட்டர் பாலை 85 டிகிரிக்குக் கொண்டுபோய் 20 நிமிடம் அதே சூட்டில் வைக்க வேண்டும். இது கிருமி நீக்கத்துக்கு மட்டுமன்று. பாலின் நீர்ப்புரதங்கள் அந்த வெப்பத்தில் விரிந்து கேசீனோடு பிணைவதால்தான் தயிர் நீர்விடாமல் இறுகும். பிறகு பாத்திரத்தை மூடியபடி, குழாய்நீர் நிரப்பிய கழுவுதொட்டியில் நிற்கவைத்தால் கால் மணி நேரத்தில் 42க்கு இறங்கிவிடும். திறந்து ஆறவைத்தால் நேரமும் கூடும், ஆடையும் படியும், காற்றிலுள்ளவையும் விழும். பொடியை ஒரு கிண்ணம் பாலில் கரைத்து, பின் முழுப்பாலோடு கலந்து, குடுவைகளில் ஊற்றி, உறையும்வரை அசைக்காமல் விடுகிறோம்.

பாதுகாப்பு குறித்து ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். சமைத்த உணவை 5 முதல் 60 டிகிரிவரையுள்ள வெப்பத்தில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பும் சொல்லிவரும் அறிவுரை. நாமோ பாலை அந்த இடைவெளியின் நடுவிலேயே ஒரு முழுநாள் வைக்கிறோம். அதைக் காப்பாற்றுவது விரைவில் உருவாகும் அமிலம் ஒன்றே. எனவே எட்டாம் மணிக்குள் தயிர் உறைந்து, சோதனைத் தாளில், புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தத் தொகுதியைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். பாலுக்குக் கொடுத்த வெள்ளியை எண்ணி வருந்தக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், உயிருள்ள நுண்ணுயிர் நிறைந்த இத்தகைய தயிரைத் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

அளவீடு சொன்னது

வெப்பம் சீரானபின் எடுத்த முதல் தொகுதியில் அமிலம் ஆறாம் மணியில் 0.85 விழுக்காடு, பன்னிரண்டாம் மணியில் 1.08, 24ஆம் மணியில் 1.34. இம்முறை நுண்ணுயிர்கள் கடைசிவரை வேலை செய்திருந்தன. ஆனால் இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டபோது நான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது.

லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் காலக்டோஸும் இணைந்தது. வழக்கமான தயிர் நுண்ணுயிர்கள் குளுக்கோஸை மட்டும் உண்டு, காலக்டோஸை வெளியே தள்ளிவிடுகின்றன. அந்தக் கணக்கில் 342 கிராம் லாக்டோஸ் கரைந்தால் 180 கிராம் லாக்டிக் அமிலம் உருவாகும். பாலிலேயே தொடக்கத்தில் இருந்த 0.15 விழுக்காட்டைக் கழித்தால், 24 மணி நேரத்தில் 100 கிராம் தயிரில் உருவானது 1.19 கிராம்; அதற்குச் செலவான லாக்டோஸ் 2.26 கிராம். ஆக, 4.8 கிராமில் ஏறக்குறைய 2.5 கிராம் இன்னும் தயிரிலேயே இருக்கிறது. நுண்ணுயிர்கள் காலக்டோஸையும் உண்டிருந்தால், அதே அமிலத்துக்கு இன்னும் குறைவான லாக்டோஸே செலவாகியிருக்கும். அப்போது எஞ்சியது இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அமிலம் ஏற ஏற நுண்ணுயிர்களே ஒடுங்கிவிடுவதால், நேரத்தை நீட்டிக்கொண்டே போவதிலும் பயனில்லை. 24 மணி நேரத்தில் லாக்டோஸ் முழுவதும் தீர்ந்துவிடும் என்ற கூற்றை என் அளவீடு ஏற்கவில்லை. பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் தீர்கிறது.

வடிகட்டினால் லாக்டோஸ் போய்விடும் என்ற நம்பிக்கையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீரோடு லாக்டோஸும் இறங்குவது உண்மை. ஒரு லிட்டர் தயிரில் பாதியளவு நீர் வடிந்தால் மொத்த லாக்டோஸும் அதற்கேற்பக் குறையும். ஆனால் துணியில் எஞ்சிய கெட்டித் தயிருக்குள் இருக்கும் நீரிலும் அதே செறிவில்தான் அது கரைந்திருக்கிறது. ஒரே கிண்ண அளவில் சாப்பிட்டால், 2.5 கிராமுக்குப் பதில் 2.3 கிராம் என்ற அளவுக்குத்தான் வேறுபாடு.

அப்படியானால் லாக்டோஸ் நீக்கிய பாலிலேயே உறை ஊற்றலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். லாக்டேஸ் நொதி சேர்த்து முன்கூட்டியே உடைக்கப்பட்ட அப்பாலில் இருப்பவை குளுக்கோஸும் காலக்டோஸும், அதாவது இந்த உணவுமுறையே அனுமதிக்கும் ஒற்றைச் சர்க்கரைகள். அதன் பட்டியல்கள் அப்பாலை ஏற்பதில்லை என்றாலும், லாக்டோஸைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வழி எளிதும் உறுதியுமானது என்பது என் கருத்து. பட்டியலை மீற அவள் விரும்பாததால் நாங்கள் அவ்வழியில் போகவில்லை.

பாதி லாக்டோஸ் எஞ்சியிருந்தும் தயிர் ஏன் அவளுக்குத் தாங்கியது என்பதற்கு விளக்கம் உண்டு. உயிருள்ள தயிர் நுண்ணுயிர்கள் தம்மோடு லாக்டோஸை உடைக்கும் நொதியைச் சிறுகுடல்வரை சுமந்து செல்கின்றன. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தால் லாக்டோஸ் செரிமானம் மேம்படுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல் ஏற்றுக்கொண்டது. செத்துப்போன நுண்ணுயிர்கள் கொண்ட எங்கள் மூன்றாம் முயற்சியின் தயிரில், எஞ்சிய லாக்டோஸும் அதிகம், துணைக்கு வரும் உயிரும் இல்லை. அந்த இரவு அவள் பட்ட வலிக்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். நோய் அந்நேரத்தில் தானாகவே கிளர்ந்திருக்கவும் கூடும் என்று மருத்துவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிள்ளையின் நிலை

புதிய தயிரை ஒரு தேக்கரண்டியிலிருந்து தொடங்கி, நான்கு நாள்களுக்கு ஒருமுறை கூட்டி, ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்கு 200 கிராமை எட்டினோம். வயிறு உப்பவில்லை. முதல் மூன்று வாரங்களில் 1.4 கிலோ குறைந்த எடை, தயிரும் முட்டையும் வாழைப்பழமும் கூடியபின் மீண்டது. பாலை முற்றிலும் விலக்கியவளுக்கு, அதுவும் எலும்பைப் பாதிக்கக்கூடிய ஸ்டீராய்டு மருந்து எடுத்தவளுக்கு, இந்த 200 கிராமிலிருந்து கிடைக்கும் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் நாள் தேவையில் கால் பங்கை நிறைவு செய்தது. உணவியல் நிபுணர் இம்முயற்சியில் பெரிதும் வரவேற்றது அதைத்தான்.

மூன்று மாத முடிவில் கழிவறைக்குச் செல்வது நாளுக்கு ஆறேழு முறையிலிருந்து இரண்டு முறையாகக் குறைந்திருந்தது. மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் அளவும் இறங்கியிருந்தது. ஆனால் அதே மூன்று மாதங்களில் பிரெட்னிசொலோன் கொடுக்கப்பட்டுப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது, மெசலசீன் அளவும் உயர்த்தப்பட்டது. தேறியது உணவாலா, மருந்தாலா என்று பிரித்துச் சொல்ல எங்கள் குறிப்பேட்டில் எதுவும் இல்லை. மருந்தில்லாமல் தயிரே குணப்படுத்தியது என்று இதைப் படித்து யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

உணவியல் நிபுணரிடம் அமில அளவீடுகளைக் காட்டியபோது, அவர் ஆறாம், பன்னிரண்டாம், 24ஆம் மணி எண்களை அருகருகே எழுதச் சொன்னார். எஞ்சும் லாக்டோஸ் முறையே 3.5, 3.0, 2.5 கிராம். கடைசிப் பன்னிரண்டு மணி நேரம் தருவது 100 கிராமுக்கு அரை கிராம் குறைவு மட்டுமே. அதற்கு ஈடாக, பல் கூசும் புளிப்பை அவள் நாள்தோறும் சகித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதத்தில் குழைய வேகவைத்த அரிசியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க அவர் அனுமதித்தபோது, புளிக்கவைக்கும் நேரத்தையும் பாதியாக்கினோம். இப்போது அவளே மாலை 6 மணிக்குப் பொடியைக் கலந்து, வெப்பத்தை 41ல் வைத்துவிட்டு, காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் குடுவைகளை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறாள்.